பெயருக்கு முன்னால் ஒரு சிலுவை

என் மகளின் முன்பள்ளியிலிருந்து ஒரு தாள் வந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை அவளுடைய சாப்பாட்டுப் பைக்குள் பாண் தூளோடு மடிந்து கிடந்தது. மேலே ஒரு சூரியன் சிரிக்கிறது. அதன் கீழே ‘வரும் ஆண்டில் என் பிள்ளை’ என்று பெரிய எழுத்து. பிறகு நான்கு பெட்டிகள், பெட்டிக்கு மூன்று மாதங்கள். ஒவ்வொன்றிலும் ஓர் இலக்கை எழுத வேண்டுமாம். பிள்ளை எதைப் பழக வேண்டும், எந்தப் பயத்தை விட வேண்டும் என்று பெற்றோர் கூடியிருந்து யோசிக்க வேண்டுமாம்.

நான் தனியாக இருந்து யோசித்தேன். ஜனவரி முதல் மார்ச் வரை: சப்பாத்தைத் தானே போட்டுக்கொள்வாள். ஏப்ரல் முதல் ஜூன் வரை: தன் பெயரைப் பார்க்காமல் எழுதுவாள். அதற்கு மேல் பேனை நகரவில்லை. பேனை என்று சொல்வதும் பொய்தான். பென்சிலால் எழுதியிருந்தேன்.

திங்கட்கிழமை டீச்சர் தாளைத் திருப்பித் தந்தார்.

“அம்மா, கடைசி ரெண்டு பெட்டியும் சும்மா கிடக்கே. மறந்துட்டீங்களா?”

“இல்ல மிஸ். யோசிச்சிட்டு இருக்கேன்.”

“பேனையால எழுதுங்க என்னா? பென்சில் அழிஞ்சுரும்.”

அழியட்டும் என்றுதான் மிஸ் பென்சில், என்று சொல்ல வாய் வரவில்லை. தலையை ஆட்டிவிட்டு வந்தேன். நான் எப்போதும் தலையை ஆட்டுகிறவள்.

உங்களிடம் சொல்வதற்கென்ன. மகள் மூன்று மாதக் குழந்தையாக இருந்தபோது, பேராதனை ஆஸ்பத்திரியில் ஒரு டொக்டர் அவள் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார், எடுத்தார், மறுபடியும் வைத்தார். இரண்டாம் தடவை வைத்தபோதே எனக்கு விளங்கிவிட்டது. இதயத்தில் சிறியதொரு துளை. பெரும்பாலும் தானாக மூடிக்கொள்ளும் என்றார்கள். இன்னும் மூடவில்லை. வருகிற ஜூனில் மறுபடி படம் எடுத்துப் பார்த்து, சத்திரசிகிச்சை வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள். ஓகஸ்டில் அவளுக்கு ஐந்து வயது. அவளோ ஒன்றும் தெரியாமல் எங்கள் வீட்டுக்கு ஏறும் அறுபத்திரண்டு படிகளையும் பாட்டுப் பாடிக்கொண்டே ஏறுகிறாள். நான் பின்னால் அவள் மூச்சை எண்ணிக்கொண்டு ஏறுகிறேன். பாதி வழியில் எனக்குத்தான் இளைக்கிறது.

எனக்கு அடுத்த ஆண்டு ஜூனோடு முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகும் நாட்காட்டியில் தாள்கள் இருக்கின்றன. புரட்டத்தான் முடியவில்லை.

தாளை என் கணவர் கண்ணில் படாமல் அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் வைத்தேன். அவர் சேலைகளுக்கு அடியில்தான் முதலில் தேடுவார் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தாளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.

“என்னா இது, ஜூனோட நிப்பாட்டி வச்சிருக்க?”

“அப்பறம் எழுதலாம்னு.”

“இப்ப எழுதினா என்னா ஆகப்போகுது?”

“எழுதினா ஆகும்ங்க. எனக்குத் தெரியும்.”

“நீ என்னா, கடவுளோட கிளார்க்கா?”

அவர் விளையாட்டுக்குத்தான் சொன்னார். தாளில் பூச்சி உருண்டை மணம் ஏறியிருந்தது. அந்த மணமும் அந்தக் கேள்வியும் சேர்ந்து வந்ததால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் நான் ஒருகாலத்தில், பத்தொன்பது வயதில், ஏறக்குறைய அந்த வேலையைத்தான் செய்தேன்.

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் நகத்தைக் கடித்துக்கொண்டு இருந்த காலம். எங்கள் பங்குக் கோயிலின் ஃபாதர், என் கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று யாரோ சொல்லக் கேட்டு, கோயில் அலுவலகத்துக்கு என்னை அழைத்தார். சிறிய அறை. ஒரு மேசை, இரண்டு கதிரைகள், சுவரை ஒட்டி ஓர் அலுமாரி. அலுமாரியைத் திறந்தால் பூச்சி உருண்டை மணம் முகத்தில் அடிக்கும். உள்ளே புத்தகங்கள். ஞானஸ்நானத்துக்கு ஒன்று, கல்யாணத்துக்கு ஒன்று, அடக்கத்துக்கு ஒன்று. ஒரு மனிதன் இந்த மூன்று புத்தகங்களுக்குள் முடிந்துவிடுகிறான் என்று அப்போது தோன்றியது. இப்போதும் தோன்றுகிறது. நான் அதிகம் மாறவில்லை.

நான்காவதாக ஒரு நீளமான புத்தகம், சிவப்பு முதுகோடு. அதுதான் என்னுடையது. பூசைக் கருத்துப் புத்தகம். ஒரு நாளுக்கு ஒரு பக்கம். அன்றைய பூசையை யாருக்காக, எதற்காக ஒப்புக்கொடுக்க வேண்டும் என்று கேட்பவர்களின் பெயர்களை அதில் எழுத வேண்டும். கிறிஸ்துமஸுக்கு முந்திய திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறன்று அடுத்த ஆண்டின் புத்தகத்தைத் திறப்போம். பூசை முடிந்ததும் விறாந்தையில் ஈரக் குடைகளோடு வரிசை நிற்கும்.

இலக்கு, திட்டம் என்றெல்லாம் அங்கே யாரும் சொல்லவில்லை. ஆனால் நான் பார்த்தவர்களிலேயே ஆண்டைத் துணிந்து திட்டமிட்டவர்கள் அவர்கள்தான். மகன் பரீட்சை எழுதப்போகும் வாரத்துக்கு இப்போதே ஒரு பூசை. இன்னும் கூரை போடாத வீட்டின் குடிபுகுதலுக்கு ஒரு பூசை. கட்டுகஸ்தோட்டையில் இரும்புக் கடை வைத்திருந்த ஒருவர், மே மாதத்தில் தன் தம்பியின் கல்யாணத்துக்காக நன்றிப் பூசை கேட்டார்.

“பொண்ணு பேரு?” என்றேன், பேனையோடு.

“இனித்தான் பாக்கணும் தங்கச்சி. நீங்க திகதிய எழுதுங்க, பொண்ணு வந்து சேந்துரும்.”

வந்து சேர்ந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஏப்ரலிலேயே.

ஃபாதர் யாழ்ப்பாணத்துக்காரர். எழுதும் முறையை முதல் நாளே சொல்லித் தந்தார். நன்றிப் பூசையானால் பெயருக்கு முன்னால் ‘ந’. ஏதாவது கேட்டு மன்றாடினால் ‘ம’. இறந்தவர்களுக்கு ஒரு சிறிய சிலுவை. “பிழை வந்தா ஒளிக்கக் கூடாது பிள்ளை. வெள்ளை பூசக் கூடாது, தாளைக் கிழிக்கக் கூடாது. ஒரு கோடு கீறு, பக்கத்தில உன்ர கையெழுத்தை வை. கோயில் புத்தகம், விளங்கிச்சோ?”

விளங்கியது. தலையை ஆட்டினேன்.

புத்தகம் திறந்த அந்த ஞாயிறு ஸ்டெல்லா அக்கா வந்தாள். கண்டிக் கடையொன்றில் வேலை செய்தவரின் மனைவி. கையில் நான்கு மாதக் குழந்தை, தலையில் ரோஜா நிறக் கம்பளித் தொப்பி. பின்னால் அவளுடைய மாமியார். ஸ்டெல்லா அக்காவுக்கு அதற்கு முன் இரண்டு குழந்தைகள் பிறந்து, இரண்டும் தங்கவில்லை. ஒன்று மூன்று நாள், ஒன்று ஒரு வாரம். அவசரமாக ஞானஸ்நானத் தண்ணீர் ஊற்றிப் பெயர் வைத்த பிள்ளைகள். கோயிலில் எல்லோருக்கும் தெரியும். அதனால் அவள் வந்தால் எல்லோரும் கொஞ்சம் மெதுவாகப் பேசுவார்கள். அவள் மட்டும் மெதுவாகப் பேச மாட்டாள்.

“ஓகஸ்ட்ல பாப்பாவுக்கு ஒரு வயசு. நன்றிப் பூசை எழுது தங்கச்சி. மரிய ஜெனிட்டா.”

மாமியார் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தார். “அதுக்கு எட்டு மாசம் கெடக்கு. இப்பவே வாயால சொல்லி வைக்காத புள்ள. கிட்ட வரட்டும், பாத்துக்குவோம்.”

“சொல்லாமயேதான் அத்த ரெண்டு போச்சு. இவள சொல்லிச் சொல்லித்தான் வளக்கப்போறேன்.”

 அவள் என்னைப் பார்த்து, “நவம்பர்ல மத்த ரெண்டு பேருக்கும் ஒரு பூசை போட்டுரு,” என்றாள், கடையில் சாமான் சொல்வது போல. நான் நவம்பரைத்தான் முதலில் புரட்டினேன். ஒரு சிலுவை, ஒரு பெயர். ஒரு சிலுவை, ஒரு பெயர். பிறகு ஓகஸ்டுக்குத் திரும்பினேன். பின்னால் இருபது பேர் நின்றார்கள். மரிய ஜெனிட்டா என்று அழகாக எழுதி, மை ஒத்துத் தாளை வைத்து அழுத்தினேன்.

பெப்ரவரியில் வேறொருவருக்காக அந்தப் பக்கத்தைத் திறந்தபோதுதான் பார்த்தேன். மரிய ஜெனிட்டாவுக்கு முன்னாலும் சிலுவை. கை பழக்கத்தில் மூன்றாவதாக ஒன்று போட்டிருந்தது.

புத்தகத்தை மூடினேன். யாராவது பார்த்துவிட்டார்களா என்று அறையைச் சுற்றிப் பார்த்தேன். அலுமாரிதான் நின்றது.

இப்போது நீங்கள் சொல்வீர்கள், ஒரு கோடு, ஒரு கையெழுத்து, முடிந்தது என்று. பேனையை எடுத்தேன்தான். கோட்டை எங்கே கீறுவது? சிலுவை மேல் கீறினால் அது பெயரையும் தொடும். உயிரோடிருக்கும் குழந்தையின் பெயரை நான் வெட்டியதாகிவிடும். வெட்டாவிட்டால் சிலுவை நிற்கும். கையெழுத்து வைத்தால் ஃபாதர் பார்ப்பார், ஸ்டெல்லா அக்காவுக்குத் தெரியும், மாமியாருக்குத் தெரியும். அந்த மாமியார் அன்று என்ன சொன்னார் என்பது வரிசையில் நின்ற இருபது பேருக்கும் தெரியும். நாளைக்குச் செய்வோம் என்று வைத்தேன். நாளைக்கு என்பது நான் சிறுவயது முதல் குடியிருக்கும் ஊர்.

அந்த ஆண்டுக்கு நானும் இலக்குகள் எழுதியிருந்தேன் என்பதைச் சொன்னால் சிரிப்பீர்கள். டயரியின் முதல் பக்கத்தில், ஐந்து. விடியற்காலை எழும்புவது. ஆங்கிலம் பேசுவது. நகம் கடிக்காமலிருப்பது. பல்கலைக்கழகம் போவது. ஐந்தாவது: உண்மையாயிருப்பது. ஞாயிறுதோறும் எதிரே சரி போடுவேன். பெப்ரவரிக்குப் பிறகு ஐந்தாவதுக்கு எதிரே ஒன்றும் போடவில்லை. பிழையும் போடவில்லை.

அதன்பின் நான் ஞாயிறுகளில் பூசை பார்க்கவில்லை, ஜெனிட்டாவைப் பார்த்தேன். எந்த வாங்குப் பலகையில் இருக்கிறாள், இருமுகிறாளா, போன வாரத்தைவிட மெலிந்திருக்கிறாளா. மார்ச்சில் இரண்டு ஞாயிறு அவர்கள் வரவில்லை. ஸ்டெல்லா அக்கா பிள்ளையோடு புசல்லாவையில் தாய்வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்றார்கள். ஏன் என்று கேட்க எனக்குத் துணிவில்லை. கேட்பதற்குப் பதிலாக, வீட்டில் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, நுவரெலியா பஸ்ஸில் ஏறி நேரே போனேன். பயந்தவர்கள் செய்யும் துணிகரமான காரியங்களுக்கு அளவில்லை.

தோட்டத் தொழிலாளர் லயத்து வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் என்னைக் கண்டதும் கூவினாள். “அட, கோயில் தங்கச்சி! என்னா இந்தப் பக்கம்?”

“சும்மாதான் அக்கா. பாப்பா ரெண்டு ஞாயிறா வரல்லியே…”

“வேர்க்குரு. கண்டி வெக்கை தாங்கல இவளுக்கு. இங்கத்த குளிருக்கு அமிஞ்சிருச்சு பாரு. இந்தா, புடி.”

பிள்ளையை என் மடியில் போட்டுவிட்டு உள்ளே தேத்தண்ணி ஊற்றப் போய்விட்டாள். ஜெனிட்டா என் பெருவிரலைப் பிடித்து வாய்க்குக் கொண்டுபோனாள். பல் முளைக்காத ஈறு. கன்னத்தில் பவுடர் திட்டு. அவ்வளவு கனமாக இருந்தாள்! அக்கா தேத்தண்ணியோடு வந்தபோது சொல்லிவிடத்தான் நினைத்தேன்.

“என்னாடி அழுவுற?”

“பஸ்ல தூசி அக்கா.”

“ஒனக்கும் ஒரு கல்யாணத்துக்குத் திகதி எழுதி வச்சுக்க. சரியாயிரும்.”

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். தேத்தண்ணியைக் குடித்துவிட்டுத் திரும்பினேன்.

பஸ்ஸில் வரும்போதுதான் ஒரு வழி தோன்றியது. புத்தகம் பீடத்துக்குப் போவதில்லை. அன்றன்றைய கருத்துகளை நான் ஒரு துண்டுத் தாளில் பிரதி செய்து வைப்பேன், ஃபாதர் அதைப் பார்த்துத்தான் வாசிப்பார். அப்படியானால் ஜெனிட்டாவின் பூசை நாளன்று துண்டில் ‘ந’ என்று எழுதிவிட்டால் போதும். சிலுவை புத்தகத்துக்குள்ளேயே கிடந்து மக்கிப்போகும். என் வாழ்க்கையில் நான் மிகக் கவனமாகத் திட்டமிட்ட காரியம் அதுதான்.

ஓகஸ்டில் அந்த நாளன்று ஃபாதர் ஆண்டுத் தியானத்துக்குப் போயிருந்தார். பூசை வைக்க மன்னாரிலிருந்து ஒரு வயதான சுவாமி வந்திருந்தார். துண்டைக் கொடுத்தேன். கண்ணுக்குக் கிட்டவும் தூரவும் பிடித்துப் பார்த்தார். “பிள்ளை, இது எறும்பு எழுத்து. எனக்கு விளங்காது. புத்தகத்தைத் தா,” என்றார். நான் பெரிதாக எழுதித் தருகிறேன் என்றேன். மணி அடித்துவிட்டது. அவரே மேசையிலிருந்து சிவப்புப் புத்தகத்தைக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் கதவோரம் நின்றேன். ஸ்டெல்லா அக்கா முன் வாங்கில் இருந்தாள். மடியில் ஜெனிட்டா, மினுங்கும் ரோஜா நிறச் சட்டை, ஒரு காலில் சப்பாத்து, மற்றச் சப்பாத்து வாயில். சுவாமி பக்கத்தைத் திருப்பினார். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

“மரித்த விசுவாசி மரிய ஜெனிட்டாவின் ஆன்ம இளைப்பாற்றிக்காக…”

மாமியார் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அதற்குள் ஸ்டெல்லா அக்கா எழும்பி, பிள்ளையை இரண்டு கைகளாலும் தலைக்கு மேல் தூக்கிவிட்டாள்.

“சுவாமி! இந்தா இருக்கா! உசுரோட இருக்கா!”

சப்பாத்து வாயிலிருந்து விழுந்து தரையில் உருண்டது. யாரும் அசையவில்லை. ஜெனிட்டா மட்டும் உயரத்திலிருந்து எல்லோரையும் பார்த்துக் கையைத் தட்டினாள்.

சுவாமி பீடத்தைவிட்டு இறங்கி வந்தார். பிள்ளையின் தலையில் மூன்று தரம் கைவைத்து ஆசீர்வதித்தார். “என்ர பிழை, பிள்ளை. கண் வடிவாத் தெரியுதில்லை. மன்னிச்சுக்கொள்,” என்று கோயில் முழுக்கக் கேட்கச் சொன்னார். பூசை முடிந்து புத்தகத்தை என்னிடம் தந்தபோது அது மூடியிருந்தது. “உள்ள வை மகள்,” என்றார்.  அவருக்குச் சிலுவை நன்றாகத் தெரிந்தது என்பது எனக்குத் தெரியும். அது எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

ஸ்டெல்லா அக்கா அலுவலகத்துக்கு வந்தாள். நான் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“பாவம், அந்தச் சாமிக்குக் கண்ணு தெரியல. நீ எழுதினது சரியாத்தான் இருந்திருக்கும்,” என்றாள். ஒரு துண்டு கேக்கைக் கடதாசியில் சுற்றி மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். கேக்கைச் சாப்பிட்டேன்.

ஒக்டோபரில் அவர்கள் கொழும்புப் பக்கம் போய்விட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். அந்த டிசம்பர் வரிசையில் ஸ்டெல்லா அக்கா இல்லை. எனக்கும் பல்கலைக்கழகம் கிடைத்தது. நான்காவது இலக்குக்குச் சரி போட்டேன். ஜெனிட்டாவுக்கு இப்போது பதின்மூன்று வயது இருக்க வேண்டும். இருக்க வேண்டும் என்றுதான் எழுத முடிகிறது. யாரிடமும் விசாரிக்கவில்லை. விசாரித்தால் பதில் வரும் அல்லவா?

என் மகளின் நெஞ்சில் டொக்டர் இரண்டாம் தடவை குழாயை வைத்தபோது எனக்கு முதலில் நினைவு வந்தது அந்தச் சிலுவை. நான் போட்ட இடத்தில் அதை நிற்க விடவில்லை ஸ்டெல்லா அக்கா. பிள்ளையைத் தூக்கிக் காட்டித் துரத்திவிட்டாள். துரத்தப்பட்டது எங்கே போகும்? படித்தவள் இப்படி நினைக்கலாமா என்று என்னையே கேட்டிருக்கிறேன். நினைக்கக் கூடாது என்பதுதான் பதில். நினைக்கிறேன்.

போன ஞாயிறு, மகளை அவள் அப்பாவோடு விட்டுவிட்டு, பழைய கோயிலுக்குப் போனேன். அலுவலகம் வேறு கட்டடத்துக்கு மாறியிருந்தது. வரிசை இல்லை, குடைகள் இல்லை. ஓர் இளம்பெண் கம்பியூட்டர் முன்னால் இருந்தாள்.

“போன்லயே அனுப்பிருக்கலாமே அக்கா. இப்ப எல்லாரும் அப்படித்தான்.”

“பழைய புத்தகங்க எங்க இருக்கு? செவப்பு முதுகு வச்ச நீளப் புத்தகம்?”

“பழைய அறையில அலுமாரிக்கு மேல கூரை ஒழுகி, எல்லாம் ஊறிப்போச்சு. தூக்கிப் போட்டுட்டாங்க. ஏன் அக்கா?”

“ஒரு பிழை திருத்தணும்.”

“எந்த வருசத்துது?”

சொன்னேன். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “அக்கா, அந்தப் பூசையெல்லாம் மோட்சத்துக்குப் போய்ச் சேந்திருக்கும்!”

நான் என் மகளின் பெயரைச் சொன்னேன். ஓகஸ்டில் அவள் பிறந்தநாளைச் சொன்னேன். “நன்றியா, மன்றாட்டா?” என்றாள். மன்றாட்டு என்று சொல்லத்தான் போயிருந்தேன். கேட்பதில் ஆபத்தில்லை. ஜூனைத் தாண்டிப் போய் நின்று நன்றி சொல்வதற்குத்தான் பயம். ரோஜா நிறத் தொப்பியும் ‘சொல்லிச் சொல்லி’ என்ற குரலும் நினைவுக்கு வந்தன.

“நன்றி,” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. திரையைத் திருப்பிக் காட்டச் சொன்னேன். இன்னொரு தரமும் காட்டச் சொன்னேன்.

“வேற பேர் இருக்கா அக்கா?”

“மரிய ஜெனிட்டா. அதே மாசம்.”

“உயிரோட இருக்கறவங்களா, எறந்தவங்களா?”

நான் திரையைப் பார்த்தேன்.

“ரெண்டுல ஒண்ணு அமுக்கணும் அக்கா. இல்லாட்டி கம்பியூட்டர் எடுக்காது.”

வெளியே பஸ்ஸொன்று நீளமாகக் கோர்ன் அடித்தது. பதின்மூன்று வயதுப் பெண்ணொருத்தி எங்கேயோ ஒற்றைச் சப்பாத்தைத் தேடிக்கொண்டிருப்பாள் என்று நினைத்துப் பார்த்தேன்.

“இருக்கா,” என்றேன். “உசுரோட இருக்கா.”

அவள் அமுக்கினாள்.

வீட்டுக்கு வந்து தாளை எடுத்தேன். பென்சில் எழுத்துகளின் மேல் பேனையை ஓட்டினேன். மூன்றாவது பெட்டியில், ‘ஜூலை முதல் செப்டெம்பர் வரை: ஐந்து மெழுகுதிரியையும் ஒரே மூச்சில் ஊதி அணைப்பாள்’ என்று எழுதினேன். மை கசிந்து மூச்சு என்ற சொல் கெட்டுப்போனது. அதன் மேல் ஒரு கோடு கீறி, மறுபடி எழுதி, பக்கத்தில் என் கையெழுத்தை வைத்தேன்.

டீச்சர் இது எதற்கென்று கேட்பார். சொல்லித் தந்த ஃபாதர் மாற்றலாகிப் போய், பிறகு இறந்தும் போனார். அந்த மன்னார்ச் சுவாமியும் இல்லை. விறாந்தை வரிசை இல்லை. அந்தச் சிவப்புப் புத்தகமும் இல்லை. நான் கோடு கீறிக் கையெழுத்து வைத்திருக்க வேண்டிய அந்தப் பக்கம் இனி எங்கேயும் இல்லை.